திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையை ஊருக்கு வெளியே மாற்றலாமா? எந்த விலங்குகள் அங்கேயே இருக்க வேண்டும்?

குழித்துறையாறு (பாறசாலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சூரின் பழைய மிருகக்காட்சி சாலை புத்தூருக்கு மாறிய பிறகு, திருவனந்தபுரத்தில் இருப்பதையும் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விடலாம் என்று எங்கள் பக்கத்தில் பலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கேரளத்தில் வாழும் தமிழர்களும், எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை உள்ளவர்களும் இதைத் தங்களுக்குத் தொடர்பில்லாத செய்தியாகக் கடந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். 1956 நவம்பர் 1 வரை கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரிலும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தன. அந்தத் தலைமுறைக்கு மிருகக்காட்சி சாலை என்றாலே திருவனந்தபுரத்தில் உள்ளதுதான். சென்னையில் இருந்ததை அவர்களுள் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவாதித் திருநாள் மகாராஜாவுக்கு விலங்குகளை வளர்ப்பதில் ஆர்வம் இருந்தது. அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவும், அன்றைய ரெசிடென்ட் (ஆங்கிலேய அரசின் பிரதிநிதி) ஜெனரல் கல்லனும் முன்னின்று 1855இல் ஓர் அருங்காட்சியகத்தை அமைத்தார்கள். அதன் முதல் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன். அகத்தியமலை உச்சியில் வானிலையையும் காந்தப் புலத்தையும் அளக்க ஆய்வுக்கூடம் அமைத்த அதே வானியலாளர். 1857இல் அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. மக்களை ஈர்க்க வேண்டும் என்பதற்காகவே 1859இல் அதே வளாகத்தில் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் தொடங்கப்பட்டன. சென்னையிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் காண மக்கள் திரண்டதைக் கவனித்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், 1855இல் அங்கே விலங்குச் சாலையை ஏற்படுத்தினார். சென்னைச் சாலை பின்னர் பீப்பிள்ஸ் பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூரில் நிலைபெற்றது. திருவனந்தபுரத்துச் சாலையோ தொடங்கிய இடத்திலேயே இன்றுவரை நிற்கிறது.

பழமை என்ற ஒரே காரணத்துக்காக அது அங்கே இருக்க வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். அருங்காட்சியகம், தோட்டம், விலங்குச் சாலை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 55 ஏக்கர்தான். அந்த இடத்துக்குள் சிங்கம், புலி, காண்டாமிருகம், நீர்யானை, வரிக்குதிரை, மான் வகைகள், அனகோண்டா என்று உலகத்தையே அடைக்க முயல்வது இன்றைய அறிவுக்குப் பொருந்தாது. அங்கே தொடர்ந்து இருக்க வேண்டியவை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அரிய விலங்குகள். முதலாவதாகச் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, அடுத்ததாகக் கருமந்தி. மற்றவற்றைப் படிப்படியாகக் குறைத்து, இருக்கும் இடம் முழுவதையும் இவற்றுக்குத் தர வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் எண்ணங்களை எழுதுங்கள்.

சோகனாசினி (சித்தூர், பாலக்காடு) எழுதியது:

அண்ணாச்சி, வரலாற்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். இருந்தாலும் மிருகக்காட்சி சாலை நகரத்துக்குள் தொடர வேண்டும் என்பதில் நான் உடன்படவில்லை. நாங்கள் திருச்சூரைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1885இல் தொடங்கிய அந்தச் சாலை பதின்மூன்று ஏக்கர் அளவுள்ள நிலத்தில், நான்கு புறமும் கட்டடங்களும் வாகன இரைச்சலும் சூழ, நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. இப்போது புத்தூரில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டு நிலத்தில், ஜான் கோ என்ற ஆஸ்திரேலிய வடிவமைப்பாளரின் திட்டப்படி புதிய பூங்கா எழுந்து, 2025 அக்டோபரில் திறக்கப்பட்டிருக்கிறது. கம்பிக் கூண்டுக்குள் இங்கும் அங்கும் ஒரே தடத்தில் நடந்துகொண்டிருந்த புலியை இளம் வயதில் பார்த்தவர்கள், அந்த மாற்றத்தை இழப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

பாலக்காட்டுக்காரனாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று எழுந்த பெரும் போராட்டத்தின் அடையாளமாக நின்றது சிங்கவால் குரங்குதான். 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு குரங்கின் பெயரால் ஒரு காடு முழுவதும் காப்பாற்றப்பட்ட நாட்டில், அதே குரங்கை நகரத்தின் நடுவே அடைத்து வைத்துத்தான் பாதுகாக்க வேண்டுமா? விலங்கின் நலம் என்று வரும்போது கட்டடத்தின் வயதும் நம் நினைவுகளும் பின்னால்தான் நிற்க வேண்டும்.

நெய்யாறு (நெய்யாற்றின்கரை) எழுதியது:

கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகளை முன்வைக்கிறேன்.

இடம் பெரிதாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே மறுப்பு இருக்கிறது. நெய்யாறு அணை நீர்த்தேக்கத்தில் உள்ள மரக்குன்னம் தீவில் 1984இல் சிங்க சஃபாரிப் பூங்கா தொடங்கப்பட்டது. நகரத்தின் நெரிசல் இல்லை, சுற்றிலும் நீரும் காடும். அங்கே சிங்கங்கள் நன்றாகவே பெருகின. பெருகியவற்றை எங்கே அனுப்புவது என்ற திட்டம் இல்லாததால் ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்தார்கள். அதன்பின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து, 2021இல் கடைசிப் பெண் சிங்கமும் முதுமையில் இறந்தது. நிலம் இருந்தும் அந்தப் பூங்கா நிலைக்கவில்லை. எந்த இனத்தை, எத்தனை எண்ணிக்கையில், எந்த வம்சத்தோடு சேர்த்து வளர்ப்பது என்ற தீர்மானம் முதலில் வேண்டும். ஏக்கர் கணக்கு அதற்குப் பிறகுதான்.

அதே சமயம் குழித்துறையாறு ஐயா சொன்ன 55 ஏக்கரின் எல்லையும் உண்மையானது. திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் வெளிமான்களிடையேயும் புள்ளிமான்களிடையேயும் காசநோய் பரவி, பல விலங்குகள் இறந்தன. மான்கள் கூட்டமாக வாழும் இயல்புடையவை. அடைப்புக்குள் அவை வேகமாகப் பெருகும். எண்ணிக்கை கூடக்கூட மூச்சின் வழியே பரவும் நோய்க்கு வழி எளிதாகிறது. மேலும் வெளிமான் வறண்ட புல்வெளிக்குரிய விலங்கு. கோடியக்கரையிலும் கிண்டியிலும் அது செழிப்பதற்கு அங்குள்ள வெட்டவெளியும் காய்ந்த மண்ணும் காரணம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் நனைக்கும் திருவனந்தபுரத்தில் அதன் குளம்பு ஈரத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. வெளிமானை வறண்ட நிலத்துக்கு அனுப்பிவிட்டு, மழைக்காட்டு விலங்கை மழை பெய்யும் ஊரில் வைப்பது இயற்கையோடு ஒத்துப்போகும் முடிவு.

யானைகள் விஷயத்தில் இது முன்பே நடந்திருக்கிறது. 1992இல் அமைக்கப்பட்ட மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம், 2009இல் யானைகளை மிருகக்காட்சி சாலைகளில் வைக்கக் கூடாது என்றும், அவற்றை விரிந்த நிலமுள்ள முகாம்களுக்கு மாற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. யானை இல்லாத மிருகக்காட்சி சாலையா என்று அப்போது கேட்டவர்கள் பலர். ஆணையம் அந்தக் கேள்விக்காகத் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அது சரியான உறுதி.

சேசாசலம் (நகரி, ஆந்திரம்) எழுதியது:

திருப்பதிக்கு அருகில் வாழும் தமிழன் நான். எங்கள் ஊர் மிருகக்காட்சி சாலைக்கும் உங்கள் ஊர் மிருகக்காட்சி சாலைக்கும் உள்ள உறவிலிருந்து தொடங்குகிறேன். 2023இல் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா விலங்கியல் பூங்காவிலிருந்து ஒரு சோடி சிங்கங்களும், அனுமன் குரங்குகள் எனப்படும் சாம்பல் மந்திகளும் திருவனந்தபுரத்துக்குப் பரிமாற்றமாக வந்தன. அந்த ஜூன் மாதத்தில் பெண் மந்தி ஒன்று அடைப்பிலிருந்து தாவி வெளியேறி, நகரத்தின் மரங்களில் சில வாரங்கள் சுற்றித் திரிந்த பிறகு பிடிபட்டது. 2024இல் மூன்று மந்திகள் மறுபடியும் வெளியேறின. எங்கள் பூங்கா சேசாசல மலையடிவாரத்தில் 5,500 ஏக்கருக்கு மேல் பரந்தது. அங்கிருந்து வந்த விலங்கு புதிய இடத்தில் நிலைகொள்ளவில்லை என்றால், அதைக் குரங்கின் குறும்பு என்று செய்தியாக்கி மகிழ்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. அது அஞ்சி ஓடிய விலங்கு.

அரிய விலங்குகளைக் காப்பதற்காக மிருகக்காட்சி சாலை வேண்டும் என்ற பொதுக்கூற்றையும் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். எங்கள் பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் வாழும் ஜெர்டான் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் கலிவி கோடி என்பார்கள். பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டது என்று எண்ணப்பட்ட அது, 1986இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. பிடிபட்ட அந்தப் பறவை கூண்டில் சில நாள்கூட நிலைக்காமல் இறந்துபோனது. அதன் பொருட்டு லங்காமல்லேஸ்வரா சரணாலயம் அமைந்தது. தெலுங்கு கங்கைக் கால்வாயின் பாதையே பின்னர் மாற்றப்பட்டது. எந்தக் கூண்டும் அந்தப் பறவைக்கு உதவியிருக்காது. புதர்க்காடுதான் உதவ முடியும். ஆகவே ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே எடுத்து, அடைப்பில் வளர்ப்பதால் அதற்கு நன்மை உண்டா என்று கேட்ட பிறகே வைத்திருக்க வேண்டும்.

இராஜமலை (தேவிகுளம்) எழுதியது:

மூணாற்றுப் பக்கத் தமிழ்ப் பள்ளியில் கற்பித்த ஆசிரியை நான். சேசாசலம் ஐயா கேட்ட கேள்வியை வரையாட்டின் மேல் வைத்துப் பார்க்கிறேன். அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதன் பெரிய கூட்டமோ எங்கள் இரவிகுளம் தேசியப் பூங்காவில் இருக்கிறது. 2025இல் இரு மாநிலங்களும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303, ஆக 2,668 ஆடுகள் கண்டறியப்பட்டன. இராஜமலைச் சாலையில் பேருந்திலிருந்து இறங்கினாலே கைக்கெட்டும் தொலைவில் ஆடு மேய்வதை எங்கள் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பாறைச் சரிவிலும் குளிர்ந்த புல்வெளியிலும் வாழும் அந்த விலங்கைக் கடற்கரை நகரத்தின் புழுக்கத்துக்குக் கொண்டுபோக எந்தத் தேவையும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியது என்பதாலேயே எல்லாவற்றையும் திருவனந்தபுரத்தில் சேர்க்க வேண்டும் என்று அண்ணாச்சி எண்ணினால், அதை நான் ஏற்கவில்லை.

ஆனால் சிங்கவால் குரங்கின் நிலை வேறு. அது பசுமைமாறா மழைக்காட்டின் உச்சி மரங்களில் வாழ்வது. தரைக்கு அரிதாகவே இறங்கும். மலையிலேயே வாழும் எங்களில் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. கண்டதில்லை என்பதால் அதற்கும் கருமந்திக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் ஏராளம். சிங்கவால் குரங்குக்கு முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி உண்டு. வால் நுனியில் குஞ்சம் உண்டு. கருமந்திக்குத் தலைமுடி பழுப்பு, உடல் பளபளக்கும் கறுப்பு, வால் நீளம். கருங்குரங்கு ரசாயனம் என்ற பெயரில் மருந்து செய்வதற்காக நம் மலைகளில் எத்தனை தலைமுறைக் கருமந்திகளைக் கொன்றிருக்கிறார்கள் என்பது இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். வேட்டைக்காரர் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை அந்த முகங்களை அருகில் நின்று பார்த்துவிட்டால், ரசாயனக் குப்பியை விற்பவரிடம் அது கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

சோகனாசினி எழுதியது:

டீச்சர் சொல்வதில் உள்ள நியாயத்தை மதிக்கிறேன். இருப்பினும் பிள்ளைகள் பார்ப்பதற்காக என்பது பழைய காரணம். 1859இல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் சேர்க்க விலங்குகளை வைத்ததும் அதே காரணத்துக்காகத்தானே. 2014இல் இலங்கையின் தெஹிவளையிலிருந்து ஏழு அனகோண்டாக்களைக் கொண்டுவந்ததும் அப்படித்தான். அவற்றுள் சில பிற்பாடு இறந்தன. தென்னமெரிக்கச் சதுப்பு நிலப் பாம்புக்கும் நம் மலைக்கும் என்ன தொடர்பு? பார்க்க வருபவரின் வியப்பை விட்டுவிட்டு, குரங்கின் பக்கம் நின்று ஒரு காரணம் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

நெய்யாறு எழுதியது:

சித்தூர் அண்ணன் கேட்பது முறையான கேள்வி. குரங்கின் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

காட்டில் முதிர்ந்த சிங்கவால் குரங்குகள் 2,500க்கு மிகாது என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. அதன் வாழிடம் தேயிலை, காப்பித் தோட்டங்களாலும் அணைகளாலும் சாலைகளாலும் துண்டு துண்டாக அறுபட்டிருக்கிறது. வால்பாறைப் பீடபூமியில் தோட்டங்களுக்கு நடுவே சிறு சோலைகளில் சிக்கிய கூட்டங்கள் அடுத்த சோலைக்குப் போக வழியின்றி இருக்கின்றன. பெண் குரங்கு ஆறு வயதளவில்தான் முதல் குட்டியை ஈனுகிறது. அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டி. இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் ஒரு சிறு கூட்டம் நோயால் அழிந்தால் அதை ஈடுசெய்ய ஒரு தலைமுறை போதாது. அத்தகைய இனத்துக்கு, காட்டுக்கு வெளியே ஆரோக்கியமான வம்சம் ஒன்று இருப்பது காப்பு. காட்டைக் காப்பதற்கு அது மாற்றாகாது. களக்காட்டில் 1976இல் இந்தக் குரங்குக்காகவே சரணாலயம் அமைத்தார்களே, அந்த வேலை முதன்மையானது. இது அதற்குத் துணை.

இனி, அது ஏன் நகரத்து மிருகக்காட்சி சாலையிலேயே இருக்கலாம் என்பதற்கு வருகிறேன். சிங்கவால் குரங்கு வெடிபலா என்ற மழைக்காட்டு மரத்தின் உச்சியில் காய்களைப் பிளந்து தின்று வாழும் விலங்கு. அதற்கு வேண்டியது பரப்பைவிட உயரம். திருவனந்தபுரம் வளாகத்தில் நிற்கும் மரங்கள் பல தலைமுறை வயதுடையவை. அவற்றின் கிளைகள் மேலே கைகோத்து நிழலை மூடியிருக்கின்றன. புதிதாக ஒரு குன்றைத் தேர்ந்து மரம் நட்டால், இந்த விதானம் உருவாக ஐம்பது ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். அதுவரை குரங்குகள் இரும்புக் கம்பத்திலும் கயிற்றிலும்தான் ஏற வேண்டும். இந்த வளாகத்தின் மிக மதிப்புள்ள சொத்து அந்த மரங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புலிக்கும் சிங்கத்துக்கும் நீர்யானைக்கும் அவற்றால் நிழலைத் தவிர வேறு பயனில்லை. மரவாழ் குரங்குக்கும் மலையணிலுக்கும் இருவாச்சிக்கும் அவையே வீடு.

மரங்கள் இருப்பதால்தான் மந்திகள் தப்பின என்று சேசாசலம் ஐயா நினைக்கக் கூடும். அடைப்பைச் சுற்றிய அகழியின் அகலத்தை மட்டும் பார்த்து, அதன்மேல் நீளும் கிளையைக் கவனிக்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும். விதானத்தை அடைப்புக்கு உள்ளேயே அடக்கும்படி உயர்ந்த வலைக்கூரை அமைப்பது செலவு மிக்கது. செய்ய முடியாதது அன்று. சிங்கத்தைக் காட்டச் செலவிடும் தொகையை அதற்குத் திருப்ப வேண்டும்.

குழித்துறையாறு எழுதியது:

டீச்சரின் திருத்தத்தை மனமார ஏற்கிறேன். வரையாடு மலையிலேயே இருக்கட்டும். பொன்முடிக்கு அப்பால் வரையாட்டுமொட்டையில் அதைப் பார்க்க விரும்புபவர் நடந்து போகட்டும்.

இந்த மிருகக்காட்சி சாலைக்கு அறிவுப் பணியிலும் ஒரு மரபு உண்டு என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே இயக்குநராக இருந்த ஹரால்டு பெர்குசன், திருவிதாங்கூரின் பறவைகளையும் ஊர்வனவற்றையும் தவளைகளையும் பட்டியலிட்டவர். 1892இல் ஒரு தேரை இனத்துக்கு அவர் பெயரையே அறிவியலாளர்கள் சூட்டினார்கள். அவர் காலத்தில் காட்சிக்கு எத்தனை சிங்கம் இருந்தது என்பதை இன்று யாரும் நினைப்பதில்லை. அவர் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. உள்ளூர் உயிர்களை ஆராயும் அந்தப் பழக்கத்தைச் சாலை மீட்டெடுக்க வேண்டும். நேப்பியர் அருங்காட்சியகத்தையும், இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தையும், உயிருள்ள விலங்குகளையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் வாய்ப்பு வண்டலூருக்குக் கிடையாது. ஒரு மாணவர் முற்பகலில் பாடம் செய்யப்பட்ட குரங்கின் எலும்பமைப்பைப் பார்த்துவிட்டு, நூறடி நடந்து அதே இனம் கிளையில் தாவுவதைப் பார்க்க முடிகிறது. இதைப் பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது.

எல்லைக்கு இரு பக்கமும் இருந்து வருபவர்களுக்காக அங்குள்ள விளக்கப் பலகைகள் மலையாளத்துடன் தமிழிலும் இருக்க வேண்டும் என்பதையும் நம் கோரிக்கையில் சேர்க்கலாம்.

சோகனாசினி எழுதியது:

மரங்களைப் பற்றி மருத்துவர் ஐயா எழுதியது என்னை யோசிக்க வைத்தது. திருச்சூரிலும் பழைய மரங்கள் இருந்தன. ஆனால் அங்கே இடம் மிகமிகச் சிறிது. பெரிய ஊனுண்ணிகளும் நீர்யானைகளும் வெளிமான்களும் வெளியேறும் என்றால், குரங்குகளும் மலையணில்களும் பறவைகளும் திருவனந்தபுரத்திலேயே இருப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அவற்றை அனுப்பும் இடம் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். நெய்யாற்றுச் சிங்கங்களுக்கு நேர்ந்தது மறுபடி நேரக் கூடாது. வயநாட்டில் பிடிபடும் காயமுற்ற புலிகளுக்கு இடமில்லாமல் தவிக்கும் மாநிலத்தில், காட்சிக்கென்று புதிய புலிகளையும் சிங்கங்களையும் பரிமாற்றத்தில் கேட்டு வாங்குவதை உடனே நிறுத்த வேண்டும். இதை நம் கோரிக்கையின் முதல் வரியாக எழுதுங்கள், அண்ணாச்சி.

நெய்யாறு எழுதியது:

கோரிக்கை எழுதுவதாக இருந்தால் இன்னும் ஒன்றைச் சேருங்கள். சிங்கவால் குரங்குக் கூட்டத்தில் பொதுவாக முதிர்ந்த ஆண் ஒன்றும், பல பெண்களும், குட்டிகளும் இருக்கும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்வார்கள். ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து போவார்கள். மிருகக்காட்சி சாலைகளுக்கிடையே விலங்கை மாற்றும்போது இந்த ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். தாயையும் மகளையும் பிரிக்காமல், வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்து, உறவில்லாத ஆணை வண்டலூரிலிருந்தோ மைசூரிலிருந்தோ வரவழைக்க வேண்டும். வந்த விலங்கைத் தனிமைக் கூடத்தில் வைத்து, காசநோய்ச் சோதனை முடிந்த பிறகே கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். அதுவும் முதலில் வலைக்கு அப்பால் ஒருவரையொருவர் பார்க்கவிட்டு, பழகிய பிறகுதான். தனியே ஒரு குரங்கையோ, ஒரு சோடியையோ கூண்டில் வைத்துப் பெயர்ப்பலகை மாட்டுவதை இனப்பாதுகாப்பு என்று யாரும் கணக்குக் காட்ட இடம் தரக் கூடாது. கோரிக்கையின் வரைவை இங்கேயே பதியுங்கள். மருத்துவம் சார்ந்த பகுதியை நான் சரிபார்த்துத் தருகிறேன்.